வாவல் வலப்பக்கமாக நடப்பாள்

முதல் வரைவில் வாவல்
எதற்கெடுத்தாலும் தலையாட்டினாள்.
கதவைத் திறந்தால் "அபாரம்" என்றாள்.
பெட்டியைத் திறந்தால் "அபாரம்".
தெரியாமல் நண்டை மிதித்தாலும் அதே.

கீழக்கரையில், கலங்கரை விளக்கத்துக்குப் பின்தெருவில்,
பூட்டிக் கிடக்கும் சங்குக் கிட்டங்கியின் மாடியில்
உட்கார்ந்து எழுதுகிறேன் இவளை.
சென்னையில் கம்பெனி, ஆறே பேர்.
வசனத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி.
அவள் வாயாடியாக இருந்தால் எனக்கு நல்லது.

விளையாடிப் பார்த்துக் குறை சொல்பவன் சதக்கு.
பகலில் பெரியபட்டினத்தில் ஏசி மெக்கானிக்,
ராத்திரியில் உலகத்தைக் காப்பாற்றுகிறவன்.
"லாத்தா, இவ என்கூட வரல.
நாந்தான் இவளத் தூக்கிச் சுமக்குறேன்."

சுருக்கென்றது.
அன்றைக்கே நூற்றிப்பத்து வசனம் அழித்தேன்,
பாதி மாசத்துக் கூலி.

பிறகு அவளுடைய வலது காதைப் பறித்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
மீதியை அந்தக் காது பார்த்துக்கொண்டது.
கேட்கும் காது உன் பக்கம் இருக்கவேண்டுமென்று
எப்போதும் உனக்கு வலப்பக்கமாக நடப்பாள்.
கூட்டத்தில் இடம் மாறினால் எரிந்து விழுவாள்.
வலப்புறத்து உடைமரத்தில் கத்தி உருவும் சத்தத்தை
அவளுக்கும் சேர்த்து
நீ கேட்கவேண்டும்.

இரண்டாவது ஊரில் கேட்டால்
சங்கு குளிக்கையில் வெடித்தது என்பாள்.
நான்காவது ஊரில், கொஞ்சம் போதையில்,
அண்ணன் அறைந்தான் என்பாள்.
எது நிஜமென்று கம்பெனி கேட்டது.
எனக்கெப்படித் தெரியும்?

பத்து முத்து பரிசளித்தால்
அவள் மனம் திறக்குமென்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.
மனம் என்ன தகர டப்பாவா?
இப்போது முத்தைக் கொடுத்தால்
பல்லில் உரசிப் பார்க்கிறாள்,
விலை சொல்கிறாள்,
அடுத்த சந்தையில் விற்றுவிடுகிறாள்.

அவளுக்கென்று ஒரு ஜோலியும் வேண்டும்,
உலகம் அழிவதைவிடச் சின்னதாக:
ஒரு வத்தைக்குக் கொடுத்த முன்பணம்,
தராமல் இழுத்தடிக்கும் ஒருவன்.
நீ வராவிட்டாலும் அந்த வழியில்தான் போயிருப்பாள்.

சமையல்காரனோடு ஏதோ சொல்லிச் சிரிப்பாள்.
நீ கிட்டே வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.
அந்த இடத்துக்கு எனக்கு நாலு நாள் பிடித்தது.
வசனம் இல்லை,
கூலியும் இல்லை.

ஐப்பசி மழை. கரண்ட் இல்லை.
ராத்திரி இரண்டரைக்குப் போன்.
"லாத்தா, வாவலக் காணோம்."

கிணத்த உப்பளத்துக்காரனுக்கு வித்தியா?
"வித்தேன். வாள் வாங்கணும்ல."
அவ ஒண்ணும் சொல்லலியா?
"ஒண்ணுமே சொல்லல. கூடத்தான் நடந்தா.
பாலம் தாண்டித் திரும்பிப் பாத்தா
பக்கத்துல ஆளில்ல.
எங்க லாத்தா போனா?"

எழுதியவள் நான், எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.
ஆனால் பாலத்தோடு நிறுத்தியிருந்தேன்.
அந்தப் பக்கம் அவள் என்ன செய்வாளென்று
ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

"பழைய சேவுக்குத் திரும்பிப் போ.
கிணத்த விக்காத. வந்துருவா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவன் வீட்டுத் தகரத்தில் மழை விழுவது கேட்டது.
"போவலாம்," என்றான்.
"அவளுக்கு ஞாபகம் இருக்காது.
எனக்கு இருக்குமே."
வைத்துவிட்டான்.

காலையில் கம்பெனியிலிருந்து கேள்வி:
துணைப் பாத்திரம் காணாமல் போவது பிழையா?
பதில் எழுதுமுன் சதக்கின் பதிவைத் திறந்து பார்த்தேன்.

பாலம் தாண்டி
மூன்று மணி நேரம் தனியாக நடந்திருக்கிறான்.
பாதை முழுக்க வெறிச்சென்று கிடக்க,
வலப்பக்கம் ஓர் ஆள் அகலம் விட்டு,
இடது ஓரமாகவே.